பெரிய டயருக்குள் பேலன்ஸிங் பவுடர்: டெல்டா வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேற்று டயர் மாட்டிய ஜீப், தார், கூர்க்கா, டிப்பர், டிராக்டர் வைத்திருப்பவர்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து டயர் கடைகளில் பேலன்ஸிங் பவுடர் பற்றிக் கேட்பதெல்லாம் இங்கே இருக்கிறது. வயல் ஓரத்து வண்டிக்கும் நான்குவழிச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கும் பதில் ஒன்றாக இருக்காது. அதனால் எந்த வண்டிக்கு எது என்று பிரித்தே சொல்லியிருக்கிறோம்.

பேலன்ஸிங் பவுடர் என்பது என்ன?

டயருக்குள் தளர்வாகக் கொட்டி விடுகிற பொடி அல்லது பொடிமணி. மூன்று வகை கிடைக்கிறது: பாலிமர் தூள், கண்ணாடி மணி, செராமிக் மணி. ரிம்மில் ஈய வெயிட் அடிப்பதற்குப் பதிலாக இது உள்ளே சுற்றிக்கொண்டு, எடை குறைந்த பக்கம் போய்ச் சேர்ந்து சமன் செய்யும் என்பது கணக்கு. பஞ்சர் அடைக்கிற திரவம் வேறு, இது வேறு. பவுடர் எந்த ஓட்டையையும் அடைக்காது.

தூளுக்கு எந்தப் பக்கம் எடை குறைவு என்று எப்படித் தெரியும்?

சக்கரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது, டயரும் ஒரு ஸ்பிரிங் போலத்தான். இந்த அமைப்புக்கென்று இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. அதற்கு மேல் சக்கரம் சுழன்றால், அது தன் அச்சின் நடுவைச் சுற்றுவதை விட்டு, தன் எடையின் நடுவைச் சுற்றப் பார்க்கும். அப்போது எடை கூடிய பக்கம் சுழற்சி மையத்துக்கு நெருங்கிவிடும், எடை குறைந்த பக்கம் விலகிப் போகும். தளர்வாக இருக்கிற தூள் மையத்திலிருந்து எது அதிகத் தூரமோ அங்கே ஓடும். அந்த இடம் எடை குறைந்த பக்கமாகவே அமைந்துவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த அதிர்வு வேகத்துக்குக் கீழே ஓடும்போது தூள் எடை கூடிய பக்கமே சேரும். அதாவது மெதுவாக ஓடும்போது பவுடர் உதவாது, சில சமயம் நடுக்கத்தைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும்.

எந்த வேகத்தில் வேலை செய்யத் தொடங்கும்?

பாக்கெட்டில் 30, 40 கி.மீ. என்று போட்டிருப்பார்கள். அந்த வேகத்தில் தூள் டயரின் உட்சுவரோடு ஒட்டிச் சுழல ஆரம்பித்துவிடும் என்பது உண்மைதான். 31 அங்குல டயரில் சுமார் 7 கி.மீ. வேகத்திலேயே மையவிலக்கு விசை புவியீர்ப்புக்குச் சமமாகிவிடும், 30 கி.மீ.யில் அது 18 மடங்கு. ஆனால் ஒட்டுவது வேறு, சரியான இடத்தில் ஒட்டுவது வேறு. சரியான இடம் போய்ச் சேர வண்டி அந்த அதிர்வு வேகத்தைத் தாண்ட வேண்டும். அது சக்கரத்தின் கனம், டயரின் காற்று, ஸ்பிரிங்கின் கடினம் எல்லாவற்றையும் பொறுத்தது. பெரும்பாலும் நெடுஞ்சாலை வேகத்தில்தான் முழுப் பலன் தெரியும்.

ஆகவே 40, 50-க்கு மேல் போகாத வண்டிக்குப் பவுடர் வாங்காதீர்கள்.

அப்படியானால் டிராக்டருக்குப் போட வேண்டாமா?

வேண்டாம். 13.6-28 பின் டயரின் சுற்றளவு சுமார் 4 மீட்டர். 30 கி.மீ. வேகத்தில் நொடிக்கு இரண்டு சுற்றுதான் சுற்றும். அதில் 200 கிராம் எடை ஒரு பக்கம் கூடியிருந்தாலும் வரும் விசை இரண்டு கிலோ அளவுதான். ரிம்மும் டயரும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற சக்கரத்தை அது ஒன்றும் செய்யாது.

ரோட்டில் டிராக்டர் குதிப்பதற்குக் காரணங்கள் வேறு. இரண்டு பின் டயரிலும் காற்று ஒன்றுபோல் இல்லாமல் இருக்கும், டயர் பூ (தரையில் படும் மேடு பள்ளம்) ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருக்கும், டயர் ரிம்மில் சரியாக உட்காராமல் முட்டை வடிவமாக நிற்கும். கேஜ் வீல் (சேற்றில் புதையாமலிருக்க மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுத் தொளி (சேற்று உழவு) ஓட்டிய வண்டியில் ரிம் டிஸ்க் போல்ட்டுகள் தளர்ந்திருப்பதும் அடிக்கடி பார்க்கிற விஷயம். இவற்றைப் பார்த்தாலே பாதிக் குதிப்பு நின்றுவிடும்.

இன்னொன்று. பின் டயரில் தண்ணீர் நிரப்பி ஓட்டுபவர்கள் அதில் பவுடரைக் கொட்டினால் மாவு கரைத்த மாதிரி ஆகிவிடும். தண்ணீரும் தூளும் ஒரே டயரில் இருக்கக் கூடாது.

ஜேசிபி, நெல் அறுவடை இயந்திரம்?

இரண்டுக்கும் தேவையில்லை. டிராக்டருக்குச் சொன்ன காரணமேதான்.

டிப்பர், லாரிக்கு?

டிப்பர்களுக்கு 60 கி.மீ.யில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். 10.00-20 டயர் அந்த வேகத்தில் நொடிக்கு ஐந்து சுற்றுச் சுற்றும். முன் சக்கரத்தில் 300 கிராம் எடைக் கோணல் இருந்தால் 15 கிலோ அளவு விசை ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும், டிரைவருக்கு அது கையில் தெரியும். ஆனால் 60-க்குள்ளேயே ஓடும் வண்டிக்கு, முன் சக்கரம் இரண்டையும் லாரி டயர் பேலன்ஸ் மெஷினில் ஏற்றி ஈய வெயிட் அடிப்பதுதான் நல்ல வழி. நெடுந்தூரம் 80-ஐ ஒட்டி ஓடும் லாரிகளுக்குப் பவுடர் பொருந்தும், அதுவும் முன் சக்கரங்களுக்கு முதலில்.

ட்யூப் டயராக இருந்தால் தூள் ட்யூபுக்குள் போக வேண்டும். ட்யூபுக்கும் டயருக்கும் நடுவே கொட்டினால் அது நகரவே இடம் இருக்காது, ட்யூபை அரைத்து ஓட்டைதான் போடும்.

லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம்) உள்ள ரிம்மைக் கழற்றும் முன் வால்வு கோரை (வால்வுக்குள் காற்றை அடைக்கும் சிறு திருகு) எடுத்து, காற்று கடைசி மூச்சு வரை வெளியேறிய பிறகே நட்டில் கை வையுங்கள். திரும்பக் காற்று அடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்று, நீளமான ஹோஸ் போட்டு அடியுங்கள். லாக் ரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். கூண்டு இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிறகு யாருக்குத்தான் பவுடர்?

ட்யூப்லெஸ் சேற்று டயர் போட்டு, வாரத்தில் சில நாள் வயல், ஆற்றுப் படுகை, மீதி நாள் திருச்சி–தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் 80, 90-ல் ஓடுகிற ஜீப் வகை வண்டிகளுக்கு. குறிப்பாக 33, 35 அங்குல டயருக்கு மெஷின் 200, 300 கிராம் கேட்கிறது, ரிம்மில் ஒட்டிய வெயிட் சேற்றில் உரிந்து விழுகிறது என்றால் பவுடர் அர்த்தமுள்ள செலவு. பீடுலாக் ரிம் (டயரின் பீடை, அதாவது ரிம்மைப் பற்றும் விளிம்பை, வளையம் வைத்து இறுக்கும் ரிம்) போட்டவர்களுக்கு வெளிப்பக்கம் கிளிப் வெயிட் மாட்டவே இடம் இருக்காது, அவர்களுக்கும் சரி.

கம்பெனி அளவு டயர் (245/75 ஆர்16, 255/65 ஆர்18 போன்றவை) ஓட்டுபவர்கள் முதலில் மெஷின் பேலன்ஸிங்கே செய்துகொள்ளுங்கள். அது மலிவு, துல்லியம், கண்ணால் சரிபார்க்கலாம்.

வண்டி 70-க்கு மேல் ஆடுகிறது. பவுடர் போட்டால் நின்றுவிடுமா?

எதனால் ஆடுகிறது என்று தெரியாமல் போட்டால் காசும் போகும், ஆட்டமும் நிற்காது. பவுடர் சரி செய்வது எடைக் கோணலை மட்டும். வடிவக் கோணல், வளைந்த ரிம், தேய்ந்த புஷ் எதையும் அது தொடாது. வாங்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைப் பாருங்கள்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். ஒரு செங்கலின் மேல் சாக்பீஸை டயரின் ஓட்டப்பரப்புக்கு ஒரு நூல் இடைவெளியில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் சாக்பீஸ் உரசி, எதிர்ப்புறம் இடைவெளி விழுந்தால் டயர் வட்டமாக இல்லை. சாதாரண டயரில் ஒன்றரை மில்லிமீட்டருக்குள்ளும், பெரிய சேற்று டயரில் மூன்று மில்லிமீட்டருக்குள்ளும் இருந்தால் ஓட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் பவுடர் பாக்கெட்டைத் திறக்க வேண்டாம். இதே போல் பக்கவாட்டிலும் சாக்பீஸை வைத்துப் பாருங்கள், ரிம் வளைந்திருந்தால் அங்கே தெரியும்.

அடுத்து, டயரின் பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் அகலமாகத் தெரிந்தால் பீடு சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, பீடை ரிம்மிலிருந்து விடுவித்து, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி உட்கார வைக்க வேண்டும். பல நேரம் இந்த ஒரு வேலையிலேயே ஆட்டம் போய்விடும்.

புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். சிவப்புப் புள்ளி இருந்தால் அது டயரின் மேடான இடம், ரிம்மின் தாழ்வான இடத்தோடு சேர வேண்டும். ரிம்மில் குறி எதுவும் இல்லையென்றால் மஞ்சளைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பழைய மேஜர், எம்எம்540 போன்ற, முன்னால் முழு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள ஜீப்புகளில், ஒரு பள்ளத்தில் விழுந்தவுடன் ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு துள்ளுகிறதா? அது பேலன்ஸிங் கோளாறாக இருப்பது அபூர்வம். டை ராடு எண்டு, கிங் பின் பேரிங், ஸ்பிரிங் புஷ், வீல் பேரிங் ஆட்டம் என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு ஆள் ஸ்டீயரிங்கை இடதும் வலதும் சிறிது அசைக்க, இன்னொரு ஆள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்தால் எந்த மூட்டு தட்டுகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். இதைச் சரி செய்யாமல் பவுடர் போட்டு ஓட்டுவது ஆபத்து.

தொளி வயலில் இறங்கி வந்தாலே வண்டி ஆடுகிறது. ஏன்?

சேறு. டெல்டாவில் சக்கர ஆட்டத்துக்கு முதல் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நம் பக்கத்து மண் காவிரி வண்டல், களி அதிகம். ஈரமாக இருக்கும்போது வெண்ணெய் போல வழுக்கும், ஒரு பகல் வெயில் பட்டால் செங்கல்லாகிவிடும். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கும் ஜூன், ஜூலையிலும், ஐப்பசி மழையில் சம்பா வயலுக்குப் போய் வரும் நாள்களிலும், ரிம்மின் உட்பள்ளத்தில், பிரேக் பக்கம், சேறு அப்பிக்கொள்ளும். வண்டியை நிறுத்தி வைத்தால் அது முழுதும் கீழே வழிந்து ஓரிடத்தில் கட்டியாகும். மறுநாள் காலை மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்குக் கிளம்பினால் 60-லேயே ஸ்டீயரிங் நடுங்கும்.

கணக்கைப் பாருங்கள். 31 அங்குல டயர் 80 கி.மீ.யில் நொடிக்கு 9 சுற்று. ரிம்முக்குள், மையத்திலிருந்து 18 செ.மீ. தள்ளி ஒரு கிலோ காய்ந்த சேறு ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் சுமார் 58 கிலோ விசை நொடிக்கு ஒன்பது தடவை அச்சை அடிக்கும். இதைச் சமன் செய்ய டயரின் உட்சுவரில் சுமார் 490 கிராம் தூள் ஒரே இடத்தில் குவிய வேண்டும். நீங்கள் போட்டிருப்பதோ மொத்தமே 150 கிராம். கால் கிலோ சேறு வரைக்கும் பவுடர் ஓரளவு தாங்கும், ஈய வெயிட்டால் அதுகூட முடியாது. அதற்கு மேல் பம்புசெட் தண்ணீர்தான் மருந்து.

வயலை விட்டு ஏறியவுடன், காய்வதற்குள், பம்புசெட் ஹோஸை ரிம்மின் பின்பக்கம் பிடித்து அடியுங்கள். ஸ்போக் இடுக்குகள் வழியாக வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்தி மறுபடி அடிக்க வேண்டும். காய்ந்துவிட்டதென்றால் ஒரு கோணிச்சாக்கை நனைத்து உள்ளே திணித்து அரை மணி ஊற விட்டு, மூங்கில் குச்சியால் பெயர்த்தெடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நோண்டினால் பிரேக் ஹோஸைக் குத்திவிடும், ரிம் பெயிண்டும் போகும். அறுவடை நேரமென்றால் ஆக்சிலில் சுற்றிய வைக்கோலையும் கையோடு அறுத்துவிடுங்கள். அது ஆயில் சீலைத் தின்னும்.

ஒரு டயருக்கு எத்தனை கிராம்?

பாக்கெட்டோடு வரும் அட்டவணைதான் இறுதி, ஏனென்றால் கண்ணாடி மணி கனம், பாலிமர் தூள் லேசு. தோராயமாக: 30, 31 அங்குல டயருக்கு 115 முதல் 170 கிராம், 33 அங்குலத்துக்கு 170 முதல் 200, 35 அங்குலத்துக்கு 200 முதல் 230. 10.00 ஆர்20, 295/80 ஆர்22.5 லாரி டயருக்கு 285 முதல் 340 கிராம்.

மெஷினில் ஏற்றினால் ரிம்மில் 100 கிராம் கேட்கிறது என்று வையுங்கள். 16 அங்குல ரிம்மின் ஆரம் 20 செ.மீ., தூள் உட்காரும் இடமோ சுமார் 37 செ.மீ. தூரத்தில். அதனால் 55 கிராம் தூளே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் தூள் ஒரு புள்ளியில் குவியாமல் பரவித்தான் படியும் என்பதால் இரண்டு மடங்குக்கு மேல் போடுகிறோம். ஒரே ஆக்சிலின் இரண்டு டயருக்கும் ஒரே அளவு, ஒரே வகை. சமையலறைத் தராசிலோ நகைக்கடைத் தராசிலோ நிறுத்துப் போடுங்கள், டம்ளர் கணக்கு வேண்டாம். அளவுக்கு மேல் கொட்டினால் பலன் கூடாது.

டயர் மாட்டும்போதே போடுவது எப்படி?

இதுதான் சுலபமான வழி. ரிம்மின் பீடு உட்காரும் பகுதியைத் துடைத்துக் காய விடுங்கள். டயரின் உட்புறம் கைவிட்டுத் தடவிப் பாருங்கள், ஈரமோ பிசுபிசுப்போ இருந்தால் துணியால் துடைத்து வெயிலில் வைத்து எடுங்கள். கீழ் பீடை ஏற்றி முடித்த பிறகு, மேல் பீடை ஏற்றும் முன், நிறுத்து வைத்த தூளை டயரின் அடிப்பக்கத்தில் கொட்டுங்கள். பிளாஸ்டிக் பையோடு போடச் சொல்லும் வகைகளும் உண்டு, ஆனால் பை சரியாகக் கிழியாமல் அப்படியே கிடந்தால் அதுவே ஒரு வெயிட் ஆகிவிடும். கொட்டுவதே மேல்.

கவனம் ஒன்றில்தான்: மேல் பீடுக்குத் தடவும் சோப்புத் தண்ணீர். கடைகளில் வாளியில் முக்கிய பிரஷ்ஷால் வழிய வழியப் பூசுவார்கள். அது உள்ளே சொட்டினால் தூள் கட்டிதான். பிரஷ்ஷை உதறி, பீடின் விளிம்பில் மட்டும் மெல்லியதாகத் தடவச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். பீடு சரியாக உட்கார்ந்ததும், வால்வில் வடிகட்டி வைத்த வால்வு கோர் போட்டுக் காற்று அடிக்க வேண்டும். பவுடரோடு அது வரும், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

டயரைக் கழற்றாமல் வால்வு வழியே போடலாமா?

மெல்லிய தூளும் சிறிய மணியும் போகும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, வால்வு கீழே, ஆறு மணி நிலையில் வருமாறு சக்கரத்தைச் சுற்றுங்கள். அந்த நிலையில் வால்வு மேல்நோக்கி நிற்கும், டயரின் வயிறு அதற்குக் கீழே இருக்கும், தூள் தானாக இறங்கும். கோரை எடுத்துக் காற்றை முழுதும் விட்டு, பாட்டிலின் குழாயை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிவிடுங்கள். அடைத்துக்கொண்டால் குழாயை மடக்கிப் பிடித்து விடுங்கள், கம்பியால் குத்தாதீர்கள். 150 கிராம் போக பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். மழை நாளில் இந்த வேலை வேண்டாம். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி மணி தரையில் சிந்தினால் உடனே கூட்டுங்கள், அதன் மேல் கால் வைத்தால் வழுக்கிவிடும்.

ஏற்கெனவே உள்ள ஈய வெயிட்டை எடுக்க வேண்டுமா?

எடுத்துவிடுங்கள். வெயிட் பாதி, தூள் பாதி என்றிருந்தால் சேறோ தேய்மானமோ வரும்போது தூளின் சக்தி அந்தப் பழைய வெயிட்டோடு மல்லுக்கட்டவே செலவாகும்.

பவுடர் போட்ட டயரை மெஷினில் சரிபார்க்கலாமா?

கூடாது. மெஷினின் தண்டு அசையாது, அதனால் தூள் இடம் தேடிப் போகாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணக்குக் காட்டும். சாலையில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

தூள் கட்டியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நம் ஊர் ஈரப்பதத்தில் பவுடரின் முதல் எதிரி இதுதான். தவறு பவுடரில் இல்லை, கம்ப்ரஸரில்.

ஐப்பசி, கார்த்திகையில் 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் 24 கிராம் அளவு நீராவி இருக்கும். 31 அங்குல டயரின் கொள்ளளவு சுமார் 65 லிட்டர். 30 பிஎஸ்ஐ அடிக்க ஏறக்குறைய 195 லிட்டர் காற்று அதில் திணிகிறது, அதோடு 4, 5 கிராம் நீரும். 65 லிட்டர் இடம் அந்த வெப்பத்தில் 2 கிராம் நீராவியைத்தான் தாங்கும், மீதி 2 முதல் 3 கிராம் உள்ளே துளியாகிவிடும். இது நீராவி மட்டும். டேங்கில் தேங்கிய தண்ணீர் ஹோஸ் வழியே பீய்ச்சினால் கணக்கே வேறு.

அதனால் காற்று அடிக்கும் முன் டேங்கின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து, தண்ணீர் நின்று வெறும் காற்று வரும் வரை விடச் சொல்லுங்கள். பிறகு ஹோஸை உங்கள் உள்ளங்கையில் ஒரு நொடி அடித்துப் பாருங்கள். கை நனைந்தால் அந்தக் கடை வேண்டாம். நைட்ரஜன் கிடைக்கிற இடத்தில் நைட்ரஜனே அடியுங்கள், அது உலர்ந்தது. பவுடர் போட்ட டயருக்கு அந்தச் செலவு தகும்.

வாய்க்காலில் வண்டியை இறக்கினால் தண்ணீர் உள்ளே போகுமோ என்று பயப்படத் தேவையில்லை. உள்ளே அழுத்தம் அதிகம், காற்றுதான் வெளியே வரும்.

காலையில் கிளம்பும்போது மட்டும் ஆடுகிறது, பிறகு சரியாகிறது. கட்டியா?

பெரும்பாலும் இல்லை. நிறுத்தி வைத்த வண்டியில் தூள் முழுதும் கீழே கிடக்கும், சில நூறு மீட்டர் ஓடியதும் பரவிவிடும். நைலான் டயராக இருந்தால் தரையில் அமுங்கிய இடம் தட்டையாகி, சூடேறி வட்டத்துக்கு வர ஐந்து பத்து கி.மீ. ஆகும். அதற்கும் பவுடருக்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு ஓட்டினாலும் அடங்காத, முன்பு இல்லாத புது நடுக்கம் வந்தால்தான் கட்டி என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது டயரைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

காற்று பார்க்கும்போது வால்வில் ‘புஸ்’ என்று கசிகிறது.

ஒரு மணியோ தூளோ கோரின் சீட்டில் மாட்டிக்கொண்டது. முதலில் வால்வை மேலே, பன்னிரண்டு மணி நிலைக்குக் கொண்டு வாருங்கள், தூள் கீழே போய்விடும். ஹோஸை வைத்து ஒருமுறை காற்று உள்ளே விடுங்கள், மாட்டியது உள்ளே போய்விடும். நிற்காவிட்டால் கோரை மாற்றுங்கள். பழக்கமாகவே கேஜ் வைக்கும் முன் ஒரு நொடி காற்று உள்ளே அடித்துவிட்டுப் பாருங்கள். வால்வு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள், வயல் சேறு வெளியிலிருந்தும் அதே வேலையைச் செய்யும்.

கொள்ளிடம் மணலில் இறங்கக் காற்றைக் குறைக்கிறோம். பவுடர் வெளியே வந்துவிடுமா?

கோரைக் கழற்றிச் சட்டென்று காற்று இறக்கும் கருவிகள் உண்டு. அதைப் பயன்படுத்தினால் வடிகட்டியும் கோரோடு வெளியே வந்துவிடும், தூள் பீய்ச்சிக்கொண்டு போகும். பவுடர் போட்ட வண்டிக்குக் கோரின் பின்னை மட்டும் அழுத்தி இறக்குகிற வகைதான் சரி. நான்கு வால்வும் மேலே இருக்கும்படி நிறுத்த முடியாது, ஒவ்வொன்றும் ஒரு திசையில் நிற்கும். கீழே நிற்கிற வால்வை வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி மேலே கொண்டு வந்த பிறகு இறக்குங்கள்.

பஞ்சரானால்?

வெளியிலிருந்து குச்சி வைத்து அடைக்கலாம், பவுடருக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே பேட்ச் ஒட்டுவதென்றால் தூளை முதலில் பழைய செய்தித்தாளில் கொட்டி எடுத்துக்கொண்டு, ஒட்டும் இடத்தைத் துடைத்து, தேய்த்து, மறுபடி துடைக்க வேண்டும். தூசி மேல் ஒட்டிய பேட்ச் நிற்காது. எடுத்த தூள் உதிரியாக இருந்தால் சல்லடையில் சலித்து, நிறுத்து, குறைவதைச் சேர்த்துத் திரும்பப் போடலாம். உருண்டை பிடித்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடைப்புத் திரவம் ஊற்றிய டயரில் பவுடர் வேண்டாம். முன்பு ஊற்றியிருந்தால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே.

ஆற்று மணலோ சைக்கிள் பால்ரஸோ போட்டால் என்ன?

மணல் கூர்மையானது, டயரின் உட்பூச்சை அரைக்கும், மாவாகி வால்வை அடைக்கும், ஈரமும் பிடிக்கும். பால்ரஸ் குண்டு துருப்பிடிக்கும், பள்ளத்தில் விழும்போது டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி உட்சுவரைக் குத்தும். பேட்ச் செலவே பவுடர் விலையைத் தாண்டிவிடும்.

டயருக்குள் காற்றழுத்த சென்சார் இருக்கிறது.

நுண்தூள் சென்சாரின் சிறு துளையை அடைக்கலாம். மணி வகை பாதுகாப்பு. கம்பெனி வாரண்டி அட்டையையும் ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள்.

வேதாரண்யம் பக்கம் உப்பளச் சாலையில் ஓடுகிறோம். ரிம்மில் காற்று கசிகிறது.

பீடு உட்காரும் இடத்தில் துரு. பவுடர் போடும் நாளில் அந்த வளையத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புக் கழுவி, காய வைத்து, பிரைமர் அடித்து, அது நன்றாக உலர்ந்த பிறகு டயரை ஏற்றுங்கள். துருப் பொடி உள்ளே உதிர்ந்தால் அது தூளோடு சேர்ந்து கட்டி பிடிக்கும். துருப் பிடித்த ரிம்மில் கசிவை நிறுத்தாமல் அடிக்கடி காற்று அடித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஈரம் உள்ளே போகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

போட்டாயிற்று. எப்படிச் சோதிப்பது?

ரிம்மைக் கழுவி, நான்கு டயரிலும் ஒரே காற்று வைத்து, சமமான நான்குவழிச் சாலையில் 15, 20 கி.மீ. ஓட்டுங்கள். 60-ல் ஐந்து நிமிடம், பிறகு 80-ல் ஐந்து நிமிடம். வேகம் ஏறும்போது நடுவில் ஓரிடத்தில் லேசாக நடுங்கி, அதைத் தாண்டியதும் அடங்கினால் பவுடர் வேலை செய்கிறது. ஸ்டீயரிங்கில் நடுக்கம் என்றால் முன் சக்கரம், சீட்டிலும் தரையிலும் என்றால் பின் சக்கரம். வேகம் எதுவானாலும் ஒரே சீராக வருகிற உறுமல் சேற்று டயரின் பூ எழுப்பும் சத்தம், அதைப் பவுடரால் குறைக்க முடியாது. முதல் 50 கி.மீ. முடிந்ததும் வீல் நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாருங்கள்.

80-லும் அடங்கவில்லையென்றால் முன் டயரைப் பின்னுக்கு மாற்றி மறுபடி அதே சாலையில் ஓட்டுங்கள். நடுக்கமும் பின்னுக்குப் போனால் கோளாறு அந்த டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது: சாக்பீஸை எடுத்துக்கொண்டு திரும்பவும் செங்கல்லுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். முன்னாலேயே நின்றால் ஸ்டீயரிங் மூட்டுகளைப் பார்க்க வேண்டும்.